பதினெட்டு சவரனும் 11,208 யூரோவும்: ஒரு கடலூர்க் குடும்பத்தின் படிப்புக் கணக்கு

2024 ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, திருப்பாதிரிப்புலியூரில் பைப், மோட்டார், குழாய்ச் சாமான் விற்கும் ஒருவர் மகளை அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். முப்பத்தோரு வருடம் பொதுத்துறை வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மஞ்சக்குப்பத்தில் இப்படி யாராவது கடன் சம்பந்தமாக வாசலில் வந்து நிற்பது வழக்கம்தான். அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். முதல் தாள் இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் சேர்க்கைக் கடிதம். இரண்டாவது தாள், அந்தப் பல்கலைக்கழகத்துக்கு 4,000 பவுண்டு அனுப்பிய ரசீது.

“அட்வான்ஸ் கட்டியாச்சு சார். மீதிக்கு லோன் மட்டும் ஏற்பாடு பண்ணிக் கொடுத்துட்டீங்கன்னா போதும்” என்றார்.

இந்தக் குறிப்பை அந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர், கல்லூரி, வங்கி எதையும் சொல்லவில்லை. தொகைகளை மட்டும் கொஞ்சம் முழு எண்ணாக்கி, மற்றபடி உள்ளபடியே தந்திருக்கிறேன். வெளிநாட்டுப் படிப்பு என்றாலே மொத்தம் எவ்வளவு ஆகும் என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். இந்தக் குடும்பத்தை உலுக்கியெடுத்தது மொத்தத் தொகை இல்லை. எந்தத் தேதிக்குள், யார் பெயரில், எந்தக் கணக்கில் பணம் நிற்க வேண்டும் என்ற விஷயம்தான். அதை யாரும் அவர்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. முதல் இரண்டு மாதம் நானும் சொல்லவில்லை.

கையில் இருந்தது

அப்பாவிடம் சேமிப்பு ஒன்பதரை லட்சம். அதில் ஆறு லட்சம் எஃப்.டி., மூன்றரை லட்சம் சீட்டு எடுத்த பணம். அம்மாவிடம் நகை இருந்தது. குடியிருக்கும் வீடு அப்பாவின் பெயரிலும் கத்தாரில் வேலை பார்க்கும் அவர் தம்பியின் பெயரிலும் கூட்டுப் பட்டாவாக இருந்தது. பண்ருட்டிப் பக்கம் தாத்தா பெயரில் ஒண்ணரை ஏக்கர் முந்திரித் தோப்பு. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அதை வேரோடு சாய்த்துவிட்டது. அதன் பிறகு வைத்த கன்றுகள்தான் இப்போது காய்க்கின்றன. கடையிலிருந்து வரி போக வருடம் ஆறு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாக வருமானம்.

மகள் பாண்டியில் ஒரு தனியார் கல்லூரியில் மெக்கானிக்கல் முடித்தவள். மதிப்பெண் நன்றாக இருந்தது. பாண்டியிலேயே ஒரு ஏஜென்ட் மூலமாக இங்கிலாந்தில் ஒரு வருட எம்.எஸ்சி. இடம் வாங்கியிருந்தாள்.

அன்றைக்கே ஒரு நோட்டில் கணக்குப் போட்டோம். கட்டணம் 24,500 பவுண்டு. லண்டனுக்கு வெளியே என்பதால் வாழ்க்கைச் செலவுக்கு மாதம் 1,023 பவுண்டு வீதம் ஒன்பது மாதத்துக்கு 9,207 காட்ட வேண்டும். அப்போதைய விதி அது. பிறகு உயர்ந்துவிட்டது. விசாவோடு சேர்த்துக் கட்டும் மருத்துவக் கட்டணம் வருடத்துக்கு 776. ஒரு வருடப் படிப்புக்கு விசா ஒரு வருடத்தைத் தாண்டிக் கொடுக்கப்படுவதால் அரை வருடத் தொகையும் சேர்ந்து 1,164 ஆகும். விசாக் கட்டணம் அப்போது 490. எல்லாம் சேர்த்து 35,361 பவுண்டு. பவுண்டு 106 ரூபாய் என்று வைத்தால் முப்பத்தேழரை லட்சம்.

அதில் நாலேகால் லட்சம் முன்பணமாகப் போய்விட்டது. மீதி முப்பத்து மூன்று லட்சத்துச் சொச்சம். கையில் ஐந்தேகால். ஆகக் குறைவது 28 லட்சம், அதில் 25 லட்சம் கடன் வேண்டும் என்று முடிவு செய்து விண்ணப்பத்தை நானே நிரப்பிக் கொடுத்தேன். 25 என்ற எண் அன்றைக்கு என் மனதில் ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்துவிட்டது. பின்னால் அதைப் பிடுங்குவதற்கு ரொம்ப நாள் ஆயிற்று.

28 நாள்

இங்கிலாந்து விசாவுக்குப் பணம் இருந்தால் மட்டும் போதாது. கட்ட வேண்டிய மீதிக் கட்டணமும் வாழ்க்கைச் செலவும் சேர்ந்த தொகை, மாணவர் பெயரிலோ பெற்றோர் பெயரிலோ உள்ள கணக்கில் தொடர்ந்து 28 நாள் இருக்க வேண்டும். அந்த 28 நாளில் ஒரே ஒரு நாள் ஒரு ரூபாய் குறைந்தாலும் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். வங்கியின் கல்விக் கடன் அனுமதிக் கடிதம் இருந்தால் அந்தப் பகுதிக்கு 28 நாள் தேவையில்லை. சொந்தப் பணத்துக்குத் தேவை.

அப்பா ஐந்தேகால் லட்சத்தைத் தன் சேமிப்புக் கணக்கில் போட்டுவிட்டு நாள் எண்ணத் தொடங்கினார். கடைக் காலண்டரில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டே வந்தார். 19-ஆம் நாள், பைப் டிஸ்ட்ரிபியூட்டருக்கு முன்தேதியிட்டுக் கொடுத்திருந்த 1.8 லட்சம் ரூபாய் காசோலை பாஸ் ஆகிவிட்டது. அவர் கடையின் நடப்புக் கணக்குக் காசோலை என்று நினைத்துக் கொடுத்தது, அவசரத்தில் சேமிப்புக் கணக்குப் புத்தகத்திலிருந்து கிழித்தது. மத்தியானம் குறுஞ்செய்தி வந்தபோது அவர் கல்லாவில் உட்கார்ந்திருந்தாராம். எழுந்து ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்தார். திண்ணையில் உட்கார்ந்து ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை.

மகள் விஷயத்தை ஏஜென்ட்டிடம் சொன்னாள். அவர், “ஷோ மணி நாங்க ஏற்பாடு பண்றோம். மொத்தத்தையும் உங்க அக்கவுண்ட்ல போட்டுடுவோம். 28 நாளுக்கு வட்டி மட்டும் கொடுத்தா போதும்” என்றார். இது பல ஊர்களில் நடப்பதுதான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. இரவல் பணத்தைச் சொந்தப் பணம் என்று காட்டுவது அந்த நாட்டு விதிப்படி ஏமாற்று. பிடிபட்டால் விசா மறுப்பதோடு பத்து வருடம் உள்ளே வர முடியாதபடி தடையும் போடுவார்கள். இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் பத்து வருடத்தைப் பணயம் வைத்து வாங்க வேண்டிய படிப்பு எதுவும் உலகத்தில் இல்லை என்று அப்பாவிடம் கோபமாகவே சொன்னேன். அவரும் அந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிட்டார்.

வீட்டுப் பத்திரம்

இதற்கிடையில் கடன் ஒரு அடிகூட நகரவில்லை. ஏழரை லட்சத்துக்கு மேல் போகும் கல்விக் கடனுக்கு வங்கிகள் சொத்து அடமானம் கேட்கும். முந்திரித் தோப்பைச் சொன்னோம். விவசாய நிலம் ஆகாது என்று கிளையில் கையை விரித்துவிட்டார்கள். வீட்டைச் சொன்னோம். கூட்டுப் பட்டா என்றால் தம்பியும் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் அவர் கொடுத்த பவர் பத்திரம் வேண்டும். தம்பி மனதார ஒத்துக்கொண்டார். ஆனால் தோஹாவில் இந்தியத் தூதரகத்தில் நேரம் வாங்கி, அங்கே சான்றொப்பம் பெற்று, பத்திரத்தை இங்கே அனுப்பி, அது வந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். அதற்கப்புறம்தான் வில்லங்கச் சான்றிதழ், வக்கீலின் சட்டக் கருத்து, மதிப்பீட்டாளர் வீட்டை அளப்பது எல்லாம் வரிசையாக நடக்கும். ஜூன் மாதம் பிறந்துவிட்டது. செப்டம்பரில் வகுப்பு.

வங்கி சாராத நிதி நிறுவனம் ஒன்று அடமானம் இல்லாமல் தருவதாக முன்வந்தது. வட்டி பன்னிரண்டரை சதவீதத்துக்கு மேல். படிக்கிற காலத்திலேயே மாதா மாதம் வட்டியில் ஒரு பகுதியைக் கட்ட வேண்டும். பொதுத்துறை வங்கியில் படிப்புக் காலத்துக்கும் அதற்கப்புறம் ஒரு வருடத்துக்கும் தவணை கிடையாது. அந்தக் காலத்தில் ஏறுவதும் தனி வட்டிதான், வட்டிக்கு வட்டி போடுவதில்லை. 25 லட்சத்தில் இந்த வித்தியாசம் சாதாரணம் இல்லை. அந்த விண்ணப்பத்தைத் தொடவே வேண்டாம் என்றேன்.

முத்தியால்பேட்டைச் சாப்பாடு

ஜூன் நடுவில் அம்மாவின் அக்கா வீட்டில், பாண்டி முத்தியால்பேட்டையில், ஒரு விசேஷம். என்னையும் அழைத்திருந்தார்கள். அங்கேதான் இந்தக் கதைக்குள் பிரான்ஸ் வந்தது.

பெரியப்பா குடும்பம் பிரெஞ்சு நேஷனாலிட்டிக் குடும்பம். 1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சு ஆட்சி கைமாறி, 1962 ஆகஸ்ட் 16-ல் பாண்டிச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. பெரியப்பாவின் தாத்தா எழுதிக் கொடுத்தார். பக்கத்து வீட்டுக்காரர் கொடுக்கவில்லை. அந்த ஒரு கையெழுத்தின் பலன் நான்காவது தலைமுறையில் பந்தியில் தெரிந்தது. பெரியம்மா மகள் பிரான்சில் அரசுப் பல்கலைக்கழகத்தில் முதுகலை சேரப்போகிறாள். அந்த வருடக் கட்டணம் 250 யூரோ. அவளுக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த நம் பெண், இந்தியக் கடவுச்சீட்டோடு அதே வகுப்பில் சேர்ந்தால் 3,879 யூரோ. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு 2019 முதல் தனிக் கட்டணம் வைத்திருக்கிறார்கள். சில பல்கலைக்கழகங்கள் அதைத் தள்ளுபடி செய்கின்றன என்பதும் உண்மை.

“நீயும் வாயேன்டி, மாசம் 615 யூரோ காட்டினா விசா கிடைச்சிடும்” என்றாள் பெரியம்மா மகள். 3,879 யூரோ என்றாலும் இங்கிலாந்துக் கட்டணத்தில் அது ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் பொதுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலான பாடங்கள் பிரெஞ்சில்தான் நடக்கின்றன. நம் பெண்ணுக்கு பிரெஞ்சில் வணக்கம் சொல்வதைத் தாண்டி ஒன்றும் தெரியாது. அந்த வருடத்துக்கு அந்தக் கதவு மூடியதுதான்.

இன்னொரு கதவு திறந்தது. திரும்பி வரும் வழியில், கடலூர் பேருந்தில், அவள் மெதுவாகச் சொன்னாள்: “அங்கிள், ஜெர்மனிக்கும் அப்ளை பண்ணியிருக்கேன். அப்பாவுக்குத் தெரியாது.” கல்லூரி சீனியர் ஒருத்தி சொன்னதைக் கேட்டு, பிப்ரவரியிலேயே 18,000 ரூபாய் கட்டி ஏ.பி.எஸ். சான்றிதழுக்கு விண்ணப்பித்திருக்கிறாள். இந்திய மாணவர்களின் சான்றுகளைச் சரிபார்க்கும் அந்தச் சான்றிதழ் 2022 நவம்பர் 1 முதல் ஜெர்மன் விசாவுக்குக் கட்டாயம். பணம் அம்மா கொடுத்தது. ஏஜென்ட்டுக்கும் இது தெரியாது. ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகங்கள் ஏஜென்ட்டுகளுக்குக் கமிஷன் தருவதில்லை. பாண்டி ஏஜென்ட் எட்டு மாதத்தில் ஒரு தடவைகூட அந்த நாட்டின் பெயரை எடுக்காததற்கு எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

ஜூன் மூன்றாம் வாரம் சேர்க்கைக் கடிதம் வந்தது. பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலம், இரண்டு வருடம், ஆங்கில வழி.

நாலேகால் லட்சம்

ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் கிடையாது. ஆனால் இந்த மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் அரையாண்டுக்கு 1,500 யூரோ வாங்குகிறது. நான்கு அரையாண்டுக்கு 6,000. அதோடு அரையாண்டுச் சந்தா தலா 180 யூரோ அளவில். வாழ்க்கைச் செலவுக்கு முடக்கக் கணக்கு என்று ஒன்று உண்டு. ஒரு வருடச் செலவை முன்கூட்டியே அந்தக் கணக்கில் போட வேண்டும். அங்கே போன பிறகு மாதம் இவ்வளவு என்று அதிலிருந்து நமக்கே திருப்பித் தருவார்கள். அப்போது 11,208 யூரோ, மாதம் 934. செப்டம்பர் 1 முதல் அது 11,904 ஆனது. நாங்கள் ஆகஸ்டிலேயே விசாவுக்கு விண்ணப்பித்ததால் பழைய தொகையிலேயே தப்பினோம்.

இரண்டு வருடத்துக்கும் சேர்த்து சுமார் 29,100 யூரோ. யூரோ தொண்ணூற்றொன்றரை ரூபாய் என்று வைத்தால் 26.7 லட்சம். இங்கிலாந்துக்கு இனிக் கட்ட வேண்டியது 33.2 லட்சம். அதைவிடப் பெரிய வித்தியாசம் வேறு இடத்தில் இருந்தது. இங்கிலாந்துக்கு விமானம் ஏறும் முன்பே ஏறக்குறைய முழுத் தொகையும் தயாராக இருந்தாக வேண்டும். ஜெர்மனிக்கு ஏறும் முன் தேவை டிக்கெட், குளிர்காலத் துணி எல்லாம் சேர்த்துப் பதினான்கு லட்சம். மீதி அடுத்த வருடப் பாடு.

அப்பா அசையவில்லை. “நாலேகால் லட்சம் சார். மூணு வருஷச் சீட்டு. அதைத் தூக்கிப் போட்டுட்டு எப்படி சார்?” விசா மறுக்கப்பட்டால் மட்டும் முன்பணம் திரும்ப வரும், மாணவர் தானாக விலகினால் வராது என்று ரசீதின் பின்பக்கத்திலேயே போட்டிருந்தது. கட்டும்போது யாரும் திருப்பிப் பார்க்கவில்லை.

அன்றைக்கு இரவு பதினோரு மணி வரை அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். நான் ஒரு தாளில் நடுவில் கோடு போட்டு இரண்டு பக்கமும் இனிமேல் போக வேண்டிய பணத்தை மட்டும் எழுதினேன். நாலேகால் லட்சத்தை எந்தப் பக்கமும் எழுதவில்லை. அது எந்த வழியில் போனாலும் திரும்பி வராத பணம். அவர் அதை வலது பக்கம், ஜெர்மனிக்குக் கீழே, தன் கையாலேயே எழுதினார். எழுதிக் கூட்டியும் பார்த்தார். முப்பத்தொன்று வந்தது. அப்படிப் பார்த்தாலும் 33.2-ஐ விடக் குறைவுதான்.

இங்கிலாந்தில் ஒரு வருடத்தில் படிப்பு முடிந்துவிடும், வேலைக்குப் போவது ஒரு வருடம் முந்தும், மொழிப் பிரச்சினை இல்லை என்பதையும் சொன்னேன். ஜெர்மனியில் படிப்பு முடிந்ததும் வேலை தேட 18 மாதம் தருகிறார்கள். ஆனால் ஜெர்மன் மொழி இல்லாமல் நல்ல வேலை கிடைப்பது கஷ்டம். மகள் தினமும் ஒரு மணி நேரம் ஜெர்மன் படிப்பதாக ஒப்புக்கொண்டாள். அம்மா அப்போதுதான் வாயைத் திறந்தார்.

“அண்ணா, நகையை அடகு வைக்கலாம். விக்க மட்டும் விட மாட்டேன்.”

அனுப்பிய விதம்

ஜூலை 18 அன்று 18 சவரன் அடகுக்குப் போனது. சவரனுக்கு 38,000 வீதம் 6.84 லட்சம், ஒன்பது சதவீத வட்டி. இரண்டு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தேன். ஒன்று, மொத்தமாக ஒரே கடனாக வைக்காமல் ஏழு, ஆறு, ஐந்து சவரன் என்று மூன்று அடகுச் சீட்டாக வைக்க வேண்டும். ஒரே சீட்டாக வைத்தால் முழுப் பணமும் சேரும்வரை ஒரு மோதிரத்தைக்கூட மீட்பது கஷ்டம். இன்னொன்று, கடன் அம்மா பெயரில் இருக்க வேண்டும், பணம் அம்மாவின் கணக்கில் விழ வேண்டும். ஐந்தே நாளில், 23-ஆம் தேதி பட்ஜெட்டில் தங்கத்தின் சுங்க வரி 15 சதவீதத்திலிருந்து 6 ஆனது. தங்கம் சவரனுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் இறங்கியது. ஒரு வாரம் தள்ளிப் போயிருந்தால் அடகுத் தொகையும் குறைந்திருக்கும்.

அம்மா பெயரில் ஏன் என்றால், டி.சி.எஸ். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போது வங்கி பிடிக்கும் வரி இது. அந்த நிதியாண்டில், சொந்தப் பணத்தில் படிப்புக்கு அனுப்பினால் ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட தொகைக்கு 5 சதவீதம். 2025 ஏப்ரல் முதல் இந்த வரம்பு பத்து லட்சம் ஆகிவிட்டது. கல்விக் கடனில் அனுப்பும் பணத்துக்கு அன்று முதல் இந்த வரியே இல்லை. வரம்பு ஒவ்வொரு பான் எண்ணுக்கும் தனித்தனி. அப்பாவின் எண்ணில் ஏப்ரலில் அனுப்பிய நாலேகால் லட்சம் ஏற்கெனவே ஏறியிருந்தது. முடக்கக் கணக்குக்கு 10.26 லட்சம், முதல் அரையாண்டுக்கு 1.54 லட்சம் என்று எல்லாவற்றையும் அவரே அனுப்பியிருந்தால் 45,250 ரூபாய் பிடித்திருப்பார்கள். அம்மா தன் கணக்கிலிருந்து 6.80 லட்சம் அனுப்பினார், ஒரு ரூபாய்கூட வரி இல்லை. அப்பா மீதியை அனுப்பினார், 11,250 ரூபாய் பிடித்தார்கள். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால் இது கழியும் அல்லது திரும்ப வரும். ஆனால் ஜூலையில் 34,000 ரூபாய் கையில் இருப்பதும் ஒரு வருடம் கழித்து வருவதும் ஒன்றில்லை. அந்த 34,000-ல்தான் குளிர் ஜாக்கெட்டும் பூட்ஸும் வாங்கினார்கள்.

அப்புறம் யூரோ விலை. கூகுளில் 90.80 என்று காட்டியது. கிளையில் முதலில் 92.40 சொன்னார்கள். பெரிய தொகை, வங்கியின் கருவூலப் பிரிவில் கேட்டுச் சொல்லுங்கள் என்று நான் கேட்டேன். அரை மணி நேரத்தில் 91.50 வந்தது. 11,208 யூரோவுக்குப் பத்தாயிரம் ரூபாய் மிச்சம். வெட்கப்படாமல் கேட்க வேண்டும். மூன்று கிலோ தக்காளிக்குப் பேரம் பேசுகிற நாம் பத்து லட்சத்தை அவர்கள் சொன்ன விலைக்கே அனுப்பிவிடுகிறோம்.

பதினான்கு லட்சத்துக்கு இன்னும் இரண்டு லட்சம் பற்றவில்லை. முத்தியால்பேட்டைத் தாய்மாமன் கொடுத்தார். மஞ்சள் நீராட்டுக்கு நான் ஊரில் இல்லை, அந்தச் சீர் இது என்று சொல்லிக் கவரை மருமகள் கையில் கொடுத்தார். பாக்கியில் எழுத வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

பாதியில் திருத்திய தவறு

அவள் அக்டோபர் முதல் வாரம் போய்ச் சேர்ந்தாள். முடக்கக் கணக்கின் முதல் 934 யூரோ வருவதற்கு மூன்று வாரம் ஆயிற்று. அங்கே முகவரி பதிய வேண்டும், வங்கிக் கணக்குத் திறக்க வேண்டும், அப்புறம்தான் பணம் திறக்கும். அறைக்கு முன்பணமும் அந்த மூன்று வாரச் சாப்பாடும் தாய்மாமன் பணத்தில் ஓடியது. விடுதி அறை 380, மருத்துவக் காப்பீடு 120 சொச்சம், மீதியில் சாப்பாடும் மற்றதும். நாலு மாதம் வேலை எதுவும் கிடைக்கவில்லை. போனதும் பார்ட் டைம் கிடைத்துவிடும், அதிலேயே எல்லாம் சமாளிக்கலாம் என்று இங்கே நிறையப் பேர் நம்புகிறார்கள். அவளுக்கு 2025 பிப்ரவரியில்தான் ஒரு பேராசிரியரின் ஆய்வகத்தில் மாதம் 40 மணி நேர வேலை கிடைத்தது. கையில் 520 யூரோ அளவில் வரும். படிக்கும் மாணவர்கள் வருடத்துக்கு 140 முழு நாள் வரை வேலை செய்யலாம் என்பது சட்டம். வேலை கிடைப்பது வேறு விஷயம்.

இங்கே 25 லட்ச விண்ணப்பம் பவர் பத்திரத்துக்காகக் காத்துக்கொண்டு வங்கியில் தூங்கியது. ஒரு நாள் சாயங்காலம் தேவனாம்பட்டினம் கடற்கரையில் நடந்துகொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. திட்டம் மாறிவிட்டது, தேவை சுருங்கிவிட்டது, நான் மட்டும் ஏன் 25-லேயே நிற்கிறேன்? ஏழரை லட்சம் வரை மத்திய அரசின் கடன் உத்தரவாத நிதி பொறுப்பேற்கிறது. அந்த வரம்புக்குள் அடமானமும் வேண்டாம், மூன்றாம் நபர் ஜாமீனும் வேண்டாம். வெளிநாட்டுப் படிப்புக்கும் அது பொருந்தும். 2015 முதல் உள்ள திட்டம். நானே எத்தனையோ பேருக்கு அதில் கடன் கொடுத்திருக்கிறேன். ஜூன் மாதமே பழைய விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுப் புதிதாகக் கொடுத்திருந்தால், பதினெட்டு சவரனில் பாதியாவது பெட்டியிலேயே இருந்திருக்கும். கடன் பணத்தைப் பல்கலைக்கழகத்துக்கோ முடக்கக் கணக்குக்கோதான் வங்கி நேரடியாக அனுப்பும். அதை வாங்கி நகையை மீட்க முடியாது. இதை அந்தக் குடும்பத்திடம் நேராகவே ஒப்புக்கொண்டேன். அப்பா, “விடுங்க சார், வீடு தப்பிச்சுதே” என்றார். அவர் தம்பியும் தூதரகத்துக்கு அலைய வேண்டியதில்லாமல் போயிற்று.

ஏழரை லட்சக் கடன் இரண்டாம் வருடத்துக்காக அனுமதி ஆனது.

உதவித்தொகையைப் பற்றி ஒரு வார்த்தை. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகை போன்றவற்றுக்குப் பெரும்பாலும் அக்டோபரிலிருந்து ஜனவரிக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இவர்கள் என்னிடம் வந்தது ஏப்ரலில். ஆதிதிராவிடர் மாணவர்களுக்குத் தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வித் திட்டமும் மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையும் உண்டு. தகுதி உள்ளவர்கள் கடனைப் பற்றி யோசிக்கும் முன்பே அவற்றைப் பார்த்துவிட வேண்டும்.

இரண்டாம் வருடம்

குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்கும்போது அந்த ஊர் அலுவலகம் மறுபடியும் பண ஆதாரம் கேட்டது. இப்போது மாதம் 992. ஆய்வக வேலை ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டு மீதி 472 யூரோவை மட்டும் பன்னிரண்டு மாதத்துக்குக் காட்டச் சொன்னார்கள். 5,664 யூரோ. இரண்டு அரையாண்டுக் கட்டணம் 3,360. மொத்தம் 9,024 யூரோ.

ஆனால் 2025 ஆகஸ்ட் கடைசியில் யூரோ 103 ரூபாய். ஒரு வருடத்தில் பதினொன்றரை ரூபாய் ஏறியிருந்தது. இந்த ஏற்றம் மட்டும் அவர்களுக்கு 1.04 லட்சம் ரூபாய். நாங்கள் போட்ட எந்தக் கணக்கிலும் இது இல்லை. மொத்தம் 9.29 லட்சத்தில் வங்கி ஏழரை கொடுத்தது. மீதிக்கு அப்பா இன்னொரு சீட்டைத் தள்ளி எடுத்தார். கேட்டால் எல்லோருக்கும் இப்போது ஒன்றுதான் சொல்கிறேன்: இரண்டாம் வருடத் தொகையை இன்றைய விலையில் போடாதீர்கள், பத்து சதவீதமாவது கூட்டிப் போடுங்கள்.

ஏழரை லட்சத்துக்கு வட்டி பத்து சதவீதம் என்று வைத்தால் மாதம் 6,250. கட்டாமல் விட்டால் தவணை தொடங்கும் 2027-ல் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் அசலோடு சேரும். பத்து வருடத் தவணை 11,900 ஆகிவிடும். இப்போதே கட்டி வந்தால் 9,900. அப்பா மாதம் ஐந்தாம் தேதி கட்டுகிறார். ரசீதுப் படத்தை மகளுக்கு அனுப்பி வைக்கிறார். அனுப்ப வேண்டாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். அவளே கேட்கிறாள் என்றார்.

நகை விஷயத்தில் அம்மா பிடித்த பிடி சரியாகப் போயிற்று. அடகு வைத்தபோது சவரன் 55,000 அளவில் இருந்தது. 2025 அக்டோபரில் தொண்ணூறாயிரத்தைத் தாண்டியது. இந்த ஏற்றத்தை யாரும் எதிர்பார்த்துச் செய்யவில்லை. மாமியார் கொடுத்த காசு மாலை அதில் இருந்தது என்பதுதான் அவர் விற்க மறுத்ததற்குக் காரணம்.

தீபாவளிக்கு முன்னால் ஐந்து சவரன் சீட்டை மீட்டார்கள். காசு மாலை அதில்தான் இருந்தது. நகை மதிப்பீட்டாளர் பையைப் பிரித்துத் தட்டில் கொட்டியபோது அம்மா ஒவ்வொரு காசாக எண்ணினார். இரண்டு தடவை எண்ணினார். வீட்டுக்கு வந்து போட்டுக்கொண்டு மகளுக்கு வீடியோ கால் செய்தபோது, அங்கே மத்தியானம். அவள் ஆய்வகத்தில் இருந்தாள். கேமராவைப் பார்த்துக் கழுத்தைக் காட்டச் சொன்னாள்.

மீதி பதின்மூன்று சவரன் இரண்டு சீட்டாக இன்னும் வங்கியில் இருக்கிறது. அடுத்த வருட வட்டி கட்ட வேண்டிய ஜூலை 18-ஐ, அப்பா கடைக்குப் புதுக் காலண்டர் வந்த அன்றே சிவப்பு மையில் வட்டமிட்டு வைத்துவிட்டார்.